கீழ்ப்பெருஞ்சிரையின் தசைப் புற்று: நோயை மறைக்கும் கிளைச்சிரைகளே சிகிச்சைக்கு வழிவிடுவது பற்றி

1. ஆய்வுப் பொருள்

கால்கள், இடுப்பு, வயிறு ஆகியவற்றின் இரத்தத்தை இதயத்தின் வலது மேலறைக்குக் கொண்டுசேர்ப்பது கீழ்ப்பெருஞ்சிரை. அதன் சுவரின் நடு அடுக்கிலுள்ள மென்தசைச் செல்களில் எழும் புற்றே லியோமயோசார்கோமா. 1871-இல் பெர்ல் என்பவர் பிணக்கூறாய்வில் கண்டு இதை முதன்முதலில் விவரித்தார். மருத்துவ இதழ்களில் பதிவானோர் சில நூறு பேரே. அவர்களில் பெண்களே அதிகம்.

2. வளர்ச்சி

கட்டி பெரும்பாலும் சிரைக்கு வெளிப்புறமாக, மெல்ல வளர்கிறது. உட்குழல் சுருங்கச் சுருங்க, முதுகெலும்பை ஒட்டிய சிறு கிளைச்சிரைகள் விரிந்து இரத்தத்தை மேலே ஏற்றுகின்றன. அதனால் பெருஞ்சிரை முழுதும் அடைபட்டும் கால் வீங்காதவர்கள் உண்டு. நோய் தாமதமாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

3. இடமும் அறிகுறியும்

அ. கீழ்ப்பகுதி (சிறுநீரகச் சிரைகளுக்குக் கீழ்): விலாவலி, கால்வீக்கம்.

ஆ. நடுப்பகுதி (சிறுநீரகச் சிரைகள் முதல் கல்லீரல் சிரைகள் வரை): வலப்பக்க மேல்வயிற்று வலி. பித்தப்பைக் கோளாறு என்று எண்ண இடமுண்டு.

இ. மேற்பகுதி (கல்லீரல் சிரைகளிலிருந்து இதயம் வரை): கல்லீரல் வீக்கம், மகோதரம், மஞ்சள் காமாலை. மூன்றிலும் அறுவைக்குக் கடினமானது இதுவே.

4. நோயறிதல்

சிரைக்குள் தெரியும் அடைப்பு வெறும் இரத்தக் கட்டியா, புற்றா? சாயமருந்து செலுத்தி எடுக்கும் சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களில் புற்று சாயத்தை ஏற்று ஒளிரும். வெறும் இரத்தக் கட்டி ஒளிராது. ஊசிவழித் திசுப் பரிசோதனையில் ஆக்டின், டெஸ்மின் புரதங்கள் தென்பட்டால் தசைப் புற்று என்பது உறுதிப்படும்.

5. அறுவை

கட்டியை மிச்சமின்றி அகற்றுவதே முதன்மைச் சிகிச்சை. கிளைச்சிரைகள் நன்கு விரிந்திருந்தால், வெட்டிய சிரையின் முனைகளைக் கட்டிவிட்டாலே போதும். இல்லையேல் செயற்கைக் குழாய் பொருத்த வேண்டும். சிறுநீரகங்களில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும். இடது சிறுநீரகச் சிரையில் அட்ரினல் சிரையும் சூலகச் சிரையும் (ஆண்களில் விரைச்சிரை) சேர்வதால், அதைப் பெருஞ்சிரையருகே கட்டினாலும் இரத்தம் அவ்வழியே வடியும். வலதில் அத்தகைய வடிகால் இல்லை. அச்சிரையை மறுபடி இணைக்க வேண்டும், அல்லது சிறுநீரகத்தையே எடுக்க நேரும்.

6. முடிவு

நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் இப்புற்று பரவக்கூடும். அந்நிலையில் டாக்சோரூபிசின் போன்ற மருந்துகள் தரப்படுகின்றன. முழுதாக அகற்றிய பின்னும் மீண்டும் வருவதால் பல ஆண்டுக் கண்காணிப்பு அவசியம். அறுவைக்குமுன் கட்டியின் அளவை மட்டும் பார்த்தால் போதாது. எந்தக் கிளைச்சிரை எவ்வளவு திறந்திருக்கிறது என்பதையும் கணக்கிட்டே எதை வெட்டலாம், எதைக் கட்டலாம் என்று முடிவெடுக்க இயலும்.