நேவி இருக்கும்போது கோஸ்ட் கார்ட் எதற்கு?



போன வாரம் ஒன்பதாம் தரத்தில் ஒரு மாணவன் கேட்டான்: "சேர், நேவி இருக்குதானே, பிறகு என்னத்துக்கு கோஸ்ட் கார்ட்?" அவனுடைய வாப்பா ஆழ்கடலுக்குப் போகிறவர். வகுப்பில் ஐந்து நிமிடத்தில் சொன்ன பதிலை, கடலை நம்பி வாழும் நம் ஊர் மக்களுக்காகக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

கரையோரக் காவல்படை உலகில் முதலில் உயிர் காக்கப் பிறக்கவில்லை, வரி காக்கத்தான் பிறந்தது. 1790இல் அமெரிக்கா சுங்க வரி ஏய்ப்பவர்களைப் பிடிக்கப் பத்துப் படகுகளைக் கட்ட அனுமதித்தது. 1822இல் பிரித்தானியா கள்ளக்கடத்தலைத் தடுக்கத் தன் கரையோரக் காவலை ஒன்றுசேர்த்தது. ஆனால் கடலில் நிற்பவன் கண்முன்னே கப்பல் உடையும், மனிதர் தத்தளிப்பர். வரி பிடிக்கப் போனவர்கள் உயிர்களையும் பிடித்து இழுக்க வேண்டியதாயிற்று. 1915இல் அமெரிக்கா இந்த வரிப்படையையும் உயிர்காப்புச் சேவையையும் ஒன்றாக்கி, அதற்குக் 'கோஸ்ட் கார்ட்' என்று பெயர் வைத்தது. இந்தியாவிலும் 1970களின் கடத்தல்தான் காரணம். ருஸ்தம்ஜி குழுவின் சிபாரிசுப்படி 1977இல் தொடங்கி, 1978இல் சட்டபூர்வமானது.

நம் நாட்டுக்கு வருவோம். கடற்படை 1950இல் உருவானது. 1976ஆம் ஆண்டுக் கடல் வலயச் சட்டத்தின் பின் 200 கடல் மைல் வரையான பொருளாதார வலயம் நமக்குரியதாயிற்று. அதன் பரப்பு சுமார் 517,000 சதுர கிலோமீற்றர், அதாவது நம் நிலத்தைப் போல ஏறத்தாழ எட்டு மடங்கு. ஆனால் யுத்த காலத்தில் கடற்படையின் கவனம் முழுவதும் சண்டையில்தான் இருந்தது.

2004 டிசம்பர் 26ஐ நம்மில் யார் மறப்பது? காலை ஏழு மணிக்குச் சற்று முன் சுமாத்ராவில் நிலம் அதிர்ந்தது. அலை நம் கரைக்கு வரச் சுமார் இரண்டு மணித்தியாலம் எடுத்தது. அந்த இரண்டு மணித்தியாலத்தில் ஒருவரும் நமக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை இழந்தோம்.

யுத்தம் முடிந்த 2009ஆம் ஆண்டில்தான் 41ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் நமது கரையோரக் காவல் திணைக்களம் உருவானது. தலைமையகம் மிரிஸ்ஸ. பணிப்பாளர் நாயகமும் ஆளணியில் பெரும்பாலானோரும் கடற்படையிலிருந்து வருபவர்கள். பெரிய ரோந்துக் கப்பலான 'சுரக்ஷா' 2017இல் இந்தியா தந்தது.

அந்தச் சட்டம் சொல்லும் கடமைகளைப் பாருங்கள்: சட்டவிரோத மீன்பிடியைத் தடுத்தல், கடலில் மீனவருக்கு உதவுதல், சுங்கத்துக்குத் துணைநின்று கடத்தலைத் தடுத்தல், உயிரையும் உடைமையையும் காத்தல், கடல் மாசடைவதைத் தடுத்தல், இயற்கை அனர்த்த வேளையில் எச்சரிக்கையைப் பரப்புதல். கடைசிக் கடமையை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த இரண்டு மணித்தியாலம்தான் ஞாபகம் வரும்.

ஆகவே மாணவனுக்கு என் பதில் இதுதான்: கடற்படையின் முதல் வேலை எதிரியைப் பார்ப்பது, கரையோரக் காவலின் முதல் வேலை சட்டத்தையும் ஆபத்தில் இருப்பவரையும் பார்ப்பது.

ஆபத்தும் தூரத்தில் இல்லை. 2020 செப்டம்பரில் சங்கமன்கண்டிக்கு அப்பால் 'நியூ டயமன்ட்' கப்பல் சுமார் 270,000 தொன் மசகு எண்ணெயோடு தீப்பற்றியது. நம் படையினரும் இந்தியக் கரையோரக் காவல் கப்பல்களும் நாட்கணக்கில் போராடி அணைத்தார்கள். கப்பல் ஊழியர் ஒருவர் உயிரிழந்தார், ஆனால் அந்த எண்ணெய்ச் சுமை கடலில் கொட்டவில்லை. கொட்டியிருந்தால் நம் கரைவலைக்காரரின் கதி என்ன? அடுத்த வருடமே 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' எரிந்து, மேற்குக் கரை மீனவர்கள் அந்தக் கதியை அனுபவித்தார்கள்.

இருந்தும் ஓர் உண்மை. எவ்வளவு பெரிய படை இருந்தாலும், எங்கே தேடுவதென்று தெரியாவிட்டால் அது வெறுங்கடலைத்தான் சுற்றும். படகில் வேலை செய்கிற வானொலி வேண்டும். எந்தப் பக்கம் போகிறோம், எப்போது திரும்புவோம் என்று கரையில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

பாடம் முடிய அந்த மாணவனிடம் கேட்டேன்: "வாப்பா லைஃப் ஜக்கெட் போட்டுக்கொண்டா போறார்?"

"போட்டில கிடக்கு சேர். வல இழுக்க இடைஞ்சலாம், போடமாட்டார்."

இன்று உங்கள் வீட்டிலும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். கடலுக்குப் போன எல்லோரையும் அல்லாஹ் பத்திரமாகக் கரை சேர்ப்பானாக.