நாலும் பெண் பிள்ளையா? 1, 4, 6, 4, 1 என்ற வரிசையின் வரலாறு



நாலாவதும் பெண் என்றவுடன் தாயைக் குறை சொல்லும் பழக்கம் எங்கள் யாழ்ப்பாணத்தில், எங்கள் சோனகத் தெருப் பக்கத்திலும், இன்னும் முழுதாக ஒழியவில்லை. ஆணா பெண்ணா என்று தீர்மானிப்பது தந்தையிடமிருந்து வரும் நிறமூர்த்தம் என்று விஞ்ஞானப் பாடத்தில் படித்தோம். கணிதத்திலும் இதற்குப் பதில் உண்டு. நாம் சூத்திரமாக மனனம் செய்துவிட்டு மறந்துபோகும் ஈருறுப்புப் பரம்பல்தான் அது.

நாலு பிள்ளைகள் பிறக்கக்கூடிய ஒழுங்குகள் 16. பெண்ணே இல்லாதது 1, ஒரு பெண் 4, இரண்டு பெண் 6, மூன்று பெண் 4, நாலும் பெண் 1. முதல் மூன்றும் பெண் என்பதற்காக நாலாவது ஆணாகும் வாய்ப்பு கூடுவதுமில்லை, குறைவதுமில்லை.

இந்த எண்களை கி.பி. 1000 அளவில் பக்தாதில் அல்கராஜி முக்கோணமாக அடுக்கினார். அவர் நினைத்தது பிள்ளைப்பேற்றை அல்ல. இரண்டு உறுப்புகளின் கூட்டலை அடுக்கேற்றி விரிப்பதை. அவர் எழுதிய மூலம் கிடைக்கவில்லை. 12ஆம் நூற்றாண்டில் அஸ்ஸமவ்அல் தன் ‘அல்பாஹிர்’ நூலில் எடுத்தெழுதியதால்தான் நமக்குத் தெரியும். இந்தியாவில் ஹலாயுதர் அதற்கு முன்பே, 10ஆம் நூற்றாண்டில், செய்யுளின் லகு, குரு அசைகளை எண்ண இதே முக்கோணத்தை விளக்கியிருந்தார். ஆனாலும் நிலைத்த பெயர் 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரர் பஸ்காலுடையது. அல்கராஜி என்ற பெயரைக் கேள்விப்படாமலே எங்கள் பிள்ளைகள் பாடசாலையை விட்டுப் போகிறார்கள்.

எண்ணும் வரிசை நிகழ்தகவுக் கணக்காக முழு வடிவம் பெற்றது 1713இல் வெளிவந்த யாக்கோபு பர்னூலியின் நூலில். அதே காலத்தில் இலண்டன் மருத்துவர் ஆபத்நொட் 1629 முதல் 1710 வரையான ஞானஸ்நானப் பதிவுகளைப் பார்த்தார். 82 ஆண்டுகளிலும் ஆண் பிள்ளைகளே அதிகம். நாணயத்தைச் சுண்டி 82 தடவையும் தலையே விழுந்தது போல! இது தற்செயலல்ல, இறைவனின் ஏற்பாடு என்றார். பிள்ளையைத் தருபவன் அல்லாஹ் என்றுதான் நாமும் நம்புகிறோம். ஆனால் கணக்கில் அவர் ஆணுக்கும் பெண்ணுக்கும் சரிபாதி வாய்ப்பு என்று வைத்துவிட்டார். யாக்கோபின் பெறாமகன் நிக்கலஸ் பர்னூலி அதைத் திருத்தினார்: 35 முகமுள்ள ஒரு காய், 18 முகம் ஆண், 17 முகம் பெண். அதை உருட்டினால் இலண்டன் பதிவுகளின் ஏற்ற இறக்கம் பெரும்பாலும் அப்படியே வரும்.

அந்தக் காயை வைத்து நாமும் கணித்துப் பார்க்கலாம். நாலு பிள்ளைகள் உள்ள 100 வீடுகளை எடுத்தால் ஐந்தாறு வீடுகளில் நாலும் பெண். ஏழு வீடுகளில் நாலும் ஆண். அந்த ஏழு வீட்டுத் தாய்மாரிடம் யாரும் விளக்கம் கேட்பதில்லை.