தரங்கம்பாடிச் சுவடிகளும் நாடிக் கணக்கும்

குருதியழுத்தத்தையும் நெஞ்சத் துடிப்பின் ஒழுங்கையும் உடலைக் கீறாது புறத்தே நின்று அறியுங் கருவிகள் இந்நாளில் மணிக்கட்டிற் கட்டும் அளவிற்குச் சிறுத்துவிட்டன. அவற்றைக் கண்டவுடன், ‘இவையெல்லாம் நம் முன்னோர் நாடியில் அறிந்தனவே’ என்பார் பலர். இக்கூற்று எத்துணை பொருந்தும் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, 1708-இல் வகுத்த தமிழ்ச் சுவடிப் பட்டியலில் மருத்துவ நூலையும் சேர்த்தார். 1709-இல் வந்த கிருண்ட்லர் என்பார், தமிழ் மருத்துவச் சுவடிகளைத் தழுவி ‘மலபார் மருத்துவன்’ என்னும் நூலை 1711-இல் ஜெர்மன் மொழியில் எழுதினார். மலபார் என்றது ஈண்டுத் தமிழரையே. அஃது அக்கால ஐரோப்பியர் வழக்கு. மலையாள நாட்டு மருத்துவமென மயங்கற்க.

இவ்வாண்டுகளிலேயே, 1707-இல், இங்கிலாந்தில் பிளாயர் என்னும் மருத்துவர் ஒரு நிமிடம் ஓடி நிற்குங் கடிகாரங் கொண்டு நாடித் துடிப்பை எண்ணும் முறையை நூலாக்கினார். ஆயின் அவர் எண்ணியதும் நம் மருத்துவர் உணர்ந்ததும் ஒன்றல்ல. சித்த மருத்துவர் மூவிரல் வைத்து, வளி அழல் ஐயம் மூன்றும் ஒன்று, அரை, கால் என்னும் மாத்திரையில் நிற்கின்றனவா எனத் தேர்ந்தனர். வளியின் நடைக்கு அன்னத்தையும், அழலுக்கு ஆமையையும், ஐயத்துக்குத் தவளையையும் உவமை கூறினர். இலக்கணத்தில் மாத்திரை காலவளவு. கண்ணிமையும் கைந்நொடியும் அதன் எல்லை. நாடி நூலிலோ அது மூன்றனுக்கும் இடையுள்ள விகிதம். நிமிடத்திற்கு இத்தனை துடிப்பு என்னும் எண் அதன்கண் இல்லை. ஆகவே அழலைக் குருதியழுத்தமெனப் பெயர்த்தல் இரு நூல்வழக்கிற்கும் இழைக்குங் குற்றமாம். குறளின் மருந்ததிகாரத்தில் வரும் ‘நாடி’யைக் காட்டி நாடித் தேர்வின் தொன்மை நாட்டுவாரும் உளர். அது வினையெச்சம், ஆராய்ந்து என்பதே பொருள்.

அழுத்தத்திற்கு எண் வந்ததோ குருதி சிந்தியே. ஹேல்ஸ் என்பார் குதிரையின் தமனியுட் குழாய் செருகி அளந்து, 1733-இல் அதனை வெளியிட்டார். கீறலின்றிக் கையிற் பட்டை சுற்றி அளத்தல் 1896-இல் ரீவா-ரொச்சியாலும், பட்டைக்குக் கீழே ஒலி கேட்டறிதல் 1905-இல் கொரோட்காவாலும் வந்தன.

உண்மையான உறவு வேறோரிடத்து உளது. மணிக்கட்டில் தமனி எலும்பின்மேற் கிடத்தலின், அதனை மெல்ல அழுத்தித் துடிப்பின் வடிவை அறியலாம். மருத்துவர் விரல் தேர்ந்த இடமும், இன்று தமனியை அழுத்தியறியும் உணரி பொருந்தும் இடமும் அதுவே. ஒளியாற் குருதியோட்டம் அறியுங் கடிகாரங்களோ துடிப்பை நன்கு எண்ணும். அழுத்தங் கூறுவனவற்றுட் பல, பட்டைக் கருவியோடு முதலிலும் இடையிடையும் ஒத்துப் பார்த்துத் திருத்தப்பட வேண்டுவன.