தொப்புள் கட்டிக்கு ஒரு நர்ஸின் பெயர்

வயிற்றைப் பரிசோதிக்கப் பழகும் மருத்துவ மாணவர்களுக்குத் தொப்புளையும் விரலால் அழுத்திப் பார்க்கக் கற்றுத் தருகிறார்கள். அங்கே கெட்டியாக ஒரு கட்டி தட்டுப்பட்டால், அதற்கு 'சிஸ்டர் மேரி ஜோசப் கட்டி' என்று பெயர். இரைப்பையிலோ சினைப்பையிலோ குடலிலோ கணையத்திலோ இருக்கும் புற்றுநோய் தோல்வரை வந்துவிட்டது என்பதற்கான அடையாளமாக அது இருக்கலாம். இப்படிப்பட்ட அடையாளங்களுக்கு மருத்துவர்களின் பெயரை வைப்பதுதான் வழக்கம். நர்ஸ் ஒருவரின் பெயர் நிலைத்தது மிக அபூர்வம்.

1883 ஆகஸ்ட் 21 அன்று அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ரோசெஸ்டர் என்ற சிற்றூரைச் சூறாவளி சூறையாடியது. அடிபட்டவர்களைச் சேர்க்க ஊரில் மருத்துவமனையே இல்லை. கிடைத்த கூடங்களில் படுக்கவைத்துத்தான் வைத்தியம் நடந்தது. அந்த ஊர் பிரான்சிஸ்கன் கன்னியர் மடத்தின் தலைவி அன்னை ஆல்பிரெட், டாக்டர் வில்லியம் வொரல் மேயோவிடம் போய், மருத்துவமனையை நாங்கள் கட்டித் தருகிறோம், நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார். கன்னியர்கள் பணம் சேர்த்துக் கட்டிய செயின்ட் மேரீஸ் மருத்துவமனை 1889இல் திறந்தது. மேயோவின் இரண்டு மகன்களும் அங்கே அறுவை சிகிச்சை செய்தார்கள்.

அங்கே வேலைக்கு வந்தவர்தான் சிஸ்டர் மேரி ஜோசப். இயற்பெயர் ஜூலியா டெம்ப்சி. 1856இல் ஐரிஷ் பெற்றோருக்குப் பிறந்து, 1878இல் மடத்தில் சேர்ந்து, பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தவர். நர்ஸ் வேலையில் அவருக்கு எந்தப் பயிற்சியும் கிடையாது. ஊரில் முறையாகப் படித்திருந்த ஒரே நர்ஸ் ஈடித் கிரஹாம்தான் கன்னியர்களுக்குத் தொழிலைக் கற்றுக்கொடுத்தார். சிஸ்டர் மேரி ஜோசப் எவ்வளவு வேகமாகக் கற்றார் என்றால், அடுத்த ஆண்டே, 1890இல், மூத்த மகன் வில்லியம் மேயோ அவரைத் தன் முதல் உதவியாளராக அறுவை மேஜைக்கு எதிரே நிறுத்திக்கொண்டார். 1915 வரை அந்த இடம் அவருடையதாகவே இருந்தது. 1892 முதல் மருத்துவமனையின் நிர்வாகமும் அவர் பொறுப்பில்தான்.

இந்த அடையாளம் பிறந்தது பெரிய ஆராய்ச்சிக்கூடத்தில் அல்ல. அறுவைக்கு முன் நோயாளியின் வயிற்றைக் கிருமிநாசினியால் தேய்த்துக் கழுவ வேண்டும். தொப்புள் குழியில் அழுக்கு தங்கும் என்பதால் அங்கே கூடுதல் கவனம் தேவை. அந்தக் கழுவல் வேலையைச் செய்தவர் சிஸ்டர். சில நோயாளிகளின் தொப்புளில் கெட்டியான கட்டி ஒன்று அவர் விரலில் பட்டது. அவர்களுடைய வயிற்றைத் திறந்தபோதெல்லாம் உள்ளே புற்றுநோய் பரவிக் கிடந்தது. மேஜையருகே நின்று அதையும் பார்த்தவர் அவரே. கழுவும் கையும் உள்ளே பார்க்கும் கண்ணும் ஒருவருடையதாக இருந்ததால்தான் இரண்டையும் முடிச்சுப்போட முடிந்தது என்று நினைக்கிறேன். கழுவுபவர் ஒருவர், அறுப்பவர் இன்னொருவர் என்று இருந்திருந்தால், அந்தக் கட்டி கழுவியவரோடு போயிருக்கும். தான் கண்டதை அவர் மேயோவிடம் சொன்னார்.

அதன் அருமை புரிய அந்தக் காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். ஸ்கேன் இல்லை. எக்ஸ்ரேயே 1895இல்தான் வந்தது. நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பது வயிற்றைக் கிழித்த பிறகுதான் தெரியும். அப்படிக் கிழித்துப் பார்த்துவிட்டு, எடுக்க வழியில்லாமல் அப்படியே தைத்து அனுப்பப்பட்டவர்கள் எத்தனையோ பேர். கத்தியை எடுக்கும் முன்பே, பரவிவிட்டது என்று தோலே சொல்லுமானால், அந்த வலியாவது அவர்களுக்கு மிச்சம்.

புற்றுநோய் ஏன் தொப்புளுக்கு வருகிறது? வயிற்றுச் சுவரிலேயே மெல்லிய இடம் அது. உள்ளே இருக்கும் சவ்வுக்கும் வெளித் தோலுக்கும் நடுவே அங்கே தசையோ கொழுப்போ பெரிதாக இல்லை. சவ்வில் பரவிய நோய் நேராகவே வெளியே எட்டிவிடும். தாயின் வயிற்றில் இருந்தபோது கல்லீரலையும் சிறுநீர்ப்பையையும் தொப்புளோடு இணைத்திருந்த குழாய்கள் பிறகு நாண்களாகச் சுருங்கிக் கிடக்கின்றன. அவை வழியாகவும் நோய் வரலாம், இரத்தம், நிணநீர் வழியாகவும் வரலாம்.

தொப்புளில் புற்றுநோய் வருவதை 19ஆம் நூற்றாண்டிலேயே சிலர் எழுதியிருந்தார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் தாமஸ் கல்லன் 1916இல் தொப்புளைப் பற்றி மட்டுமே ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார். வில்லியம் மேயோ 1928இல் புற்றுநோய் பரவுவது குறித்து எழுதிய கட்டுரையில் இந்தக் கட்டியைக் கால்சட்டைப் பொத்தானுக்கு ஒப்பிட்டார். ஆனால் சிஸ்டரின் பெயரை அதற்குச் சூட்டியவர் இங்கிலாந்தின் அறுவை மருத்துவர் ஹாமில்டன் பெய்லி. நோய்க்குறிகளைப் பற்றிய அவருடைய பாடப்புத்தகத்தின் 1949ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்தப் பெயர் வந்தது. சிஸ்டர் 1939 மார்ச்சிலேயே காலமாகிவிட்டார். அதே ஆண்டு மே மாதம் இளைய மேயோவும் ஜூலையில் மூத்த மேயோவும் போய்ச் சேர்ந்தார்கள். பாடப்புத்தகத்தில் ஏறிய தன் பெயரைச் சிஸ்டர் பார்க்கவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

தொப்புளில் தட்டுப்படுவதெல்லாம் புற்றுநோய் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். குடலிறக்கமாக இருக்கலாம். பெண்களுக்குக் கருப்பையின் உட்படலம் அங்கே வளர்ந்து, மாதவிலக்கின்போது வலித்து, இரத்தம் கசிவதும் உண்டு. சந்தேகம் என்றால் மெல்லிய ஊசியால் கொஞ்சம் திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்துவிடுவார்கள். சிலருக்கு உள்ளே இருக்கும் நோய் வேறு எந்தத் தொந்தரவும் காட்டாமல், இந்தக் கட்டியால்தான் முதன்முதலில் வெளிப்படுகிறது. முன்பு இது தென்பட்டால் பெரும்பாலும் சில மாதங்கள்தான் என்று கணக்கிட்டார்கள். இன்று புற்றுநோய் முதலில் தொடங்கிய இடம் சினைப்பை என்றால், கீமோதெரபியும் அறுவையும் சேர்த்துக் கொடுத்து, சிலரை ஆண்டுக்கணக்கில் காப்பாற்ற முடிகிறது.