தொட்டில் வைத்த அரசு

1992இல் சேலத்தில் அரசு தொட்டில் வைத்தது. பெண் குழந்தை வேண்டாம் என்று நினைப்பவர்கள் அதைக் கொல்ல வேண்டாம், இங்கே போட்டுவிட்டுப் போகலாம், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள் என்பது செய்தி. முதலமைச்சராக ஒரு பெண் இருந்தார். நாடெங்கும் பாராட்டு வந்தது. பெண்கள் அமைப்புகளுக்குள் மட்டும் ஒரு சங்கடமான கேள்வி இருந்தது: பிள்ளையை வாங்கிக்கொள்ள ஆள் வைத்த அரசு, பெற்றவளிடம் என்ன பேசியது?

அந்தக் கேள்வியைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னே போகவேண்டும். 1870இல் ஆங்கில அரசு பெண் சிசுக்கொலைத் தடுப்புச் சட்டம் கொண்டுவந்தபோது அதன் கண் வட இந்தியாவின் மேல் இருந்தது. தெற்கே இந்தப் பேச்சு பொதுவெளிக்குப் பெரிதாக வந்தது 1986இல், உசிலம்பட்டி பற்றி இந்தியா டுடே அட்டைப்படக் கட்டுரை வெளியிட்டபோதுதான். கள்ளிப்பால் என்ற சொல் அன்றிலிருந்து ஒரு ஊரின் அடையாளமாக ஒட்டிக்கொண்டது. 1994இல் ‘கருத்தம்மா’ வந்து அதை இன்னும் அழுத்தமாக்கியது. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ்த் தலைமுறைகளாகக் கைரேகை வைத்த பிரமலைக் கள்ளர் சமூகத்தின் மேல் இன்னொரு குற்ற முத்திரை விழுந்தது. மற்றவர்களுக்கு அது வசதியாகவும் இருந்தது. கொலை நடப்பது அங்கே, அவர்களிடம், நம் வீட்டில் இல்லை.

அது பொய் என்று காட்டியவை அரசின் சொந்தப் பதிவேடுகள். கிராம சுகாதார செவிலியர்கள் ஆரம்ப சுகாதார நிலையங்களில் குழந்தை இறப்பை எழுதும்போது சில இறப்புகளுக்குச் ‘சமூகக் காரணம்’ என்று குறித்தார்கள். நோயில்லை, குறைப்பிரசவம் இல்லை, சமூகக் காரணம். எழுதிய பெண்ணுக்கும் தெரியும், படிக்கும் அதிகாரிக்கும் தெரியும். ஐ.ஏ.எஸ். அதிகாரி ஷீலா ராணி சுங்கத்தும் பொருளியலாளர் வெ.பா. ஆத்ரேயாவும் 1995ஆம் ஆண்டுப் பதிவேடுகளைக் கொண்டு 1997இல் எழுதிய கட்டுரை, மாநிலத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 பெண் சிசுக்கள் கொல்லப்படுவதாகக் கணக்கிட்டது. மதுரை மட்டுமில்லை, சேலமும் தருமபுரியும் முன்னால் நின்றன. ஒரு சாதியின் பழக்கம் என்ற கதை அங்கே உடைந்தது.

இன்னொன்றும் தெரிந்தது. பெரும்பாலும் முதல் பெண்ணை வளர்க்கிறார்கள். ஆபத்து இரண்டாவது, மூன்றாவது பெண்ணுக்குத்தான். சீர், நகை, காதுகுத்து, சடங்கு, பிறகு வரதட்சணை என்று ஒரு பெண்ணுக்கே கடன்பட்ட வீட்டில் அடுத்தவள் பிறந்ததும் மாமியார் முகம் மாறும், கணவன் ஆஸ்பத்திரிப் பக்கம் வரமாட்டான். முடிவு யாருடையதாக இருந்தாலும், வழக்கு என்று வந்தால் கூண்டில் நிற்பது பெரும்பாலும் அவள். இங்கிலாந்தில் 1922லும் 1938லும் வந்த சட்டங்கள், பிரசவத்தால் மனம் நிலைகுலைந்த தாயின் செயலைக் கொலையிலிருந்து பிரித்துப் பார்த்தன. தங்கள் நாட்டுத் தாய்க்குக் காட்டிய அந்தச் சலுகையை நம் நாட்டுத் தாய்க்கு அவர்கள் கொண்டுவரவில்லை. நாமும் பின்னர் கொண்டுவரவில்லை. இங்கே அது கொலைதான்; 2024 வரை 302ஆம் பிரிவு.

தொட்டிலோடு அதே 1992இல் பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டமும் வந்தது. பெண் குழந்தையின் பெயரில் அரசு பணம் போட்டுவைக்கும். நிபந்தனைகளைப் படிக்கவேண்டும்: ஏழைக் குடும்பம், ஒன்று அல்லது இரண்டு பெண்கள், ஆண் குழந்தை இருக்கக்கூடாது, பெற்றோரில் ஒருவர் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சை செய்திருக்கவேண்டும். ‘பெற்றோரில் ஒருவர்’ என்றால் நம் ஊரில் யார் என்று வாசகிகளுக்குச் சொல்லவேண்டியதில்லை. மூன்றாவது பெண்ணைப் பெற்றவளுக்கு, அதாவது யாருடைய குழந்தைக்கு ஆபத்து அதிகமோ அவளுக்கு, இதில் இடமில்லை. அவளுக்கு மிச்சம் தொட்டில்தான். வைப்புத்தொகையும் பெண்ணுக்குப் பதினெட்டு வயதில் கைக்கு வரும். பால் வாங்கவேண்டியது இன்றைக்கு.

தொட்டிலை நான் இகழவில்லை. அதனால் உயிரோடு இருக்கும் பெண்கள் இன்று முப்பதைத் தாண்டியிருப்பார்கள். அவர்களிடம் போய் அந்தத் திட்டம் தவறு என்று சொல்ல எனக்கு நா எழாது. 2001இல் அது மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி என்று விரிந்தது. 2011 கணக்கெடுப்பில் கடலூர், அரியலூர் பகுதிகளில் குழந்தைப் பாலின விகிதம் 900க்குக் கீழே போனதும் அங்கேயும் தொட்டில் போனது. ஆனால் அதற்குள் காலம் மாறிவிட்டது. ஸ்கேன் மையம் இருக்கும் ஊரில் குழந்தை தொட்டில் வரை வருவதில்லை. மாநில விகிதம் 2001இல் 942, 2011இல் 943. பத்து ஆண்டில் ஒரே ஒரு புள்ளி.

சட்டத்தின் பக்கம் ஒரு விநோதம். குழந்தையைக் கைவிட்டுப் போகும் பெற்றோருக்கு ஏழாண்டு வரை சிறை என்றது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 317ஆம் பிரிவு. அதே செயலைச் செய்யச் சொல்லி ஆஸ்பத்திரி வாசலில் தொட்டில் வைத்தது அரசு. அரசாணையின் கருணையில் அந்தப் பெண்கள் தப்பினார்கள்; உரிமையால் இல்லை. வேறு வழியில்லாமல் குழந்தையை விட்ட பெற்றோர் வேண்டுமென்றே கைவிட்டதாகக் கருதப்படமாட்டார்கள் என்று சட்டம் சொல்ல 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் வரவேண்டியிருந்தது. இடையில் இருபத்துமூன்று ஆண்டுகள்.

அந்தச் சட்டத்தின் 35ஆம் பிரிவை நம் மாணவிகள் ஒருமுறை படிக்கவேண்டும். குழந்தையை ஒப்படைக்க வரும் பெற்றோரைக் குழந்தைகள் நலக் குழு விசாரிக்கவேண்டும், ஆலோசனை தரவேண்டும், ஒப்படைத்த பிறகும் மறுபரிசீலனைக்கு இரண்டு மாதம் தரவேண்டும். நல்ல ஏற்பாடு. பெயர் சொல்லாமல் போட்டுவிட்டுப் போன பெண்ணைத் தேடி இந்த இரண்டு மாதம் எப்படிப் போகும்? பெயர் சொன்னவளுக்கும் அந்த அறுபது நாளில் கிடைப்பது பேச்சுதான். பச்சை உடம்புக்காரி, மார்பில் பால் கட்டியிருக்கிறது, வீட்டில் மூத்தது இரண்டு. அவள் மனம் மாறினால் குழந்தையோடு எந்த வீட்டுக்குப் போவாள், முதல் மாத அரிசிக்கு யார் பணம் தருவார்கள் என்பதற்கு அந்தப் பிரிவில் பதிலில்லை.

உதவி சட்டத்தில் இல்லாமலில்லை. பத்துப் பிரிவு தள்ளி, 45இல், குடும்பத்தோடு குழந்தை வளர நிதி ஆதரவு உண்டு. இன்று மாதம் 4,000 ரூபாய். விதவை, மணமுறிவு பெற்றவள், குடும்பத்தால் கைவிடப்பட்டவள், கடும் நோயாளி என்று அது தகுதிகளைச் சொல்லிப் போகிறது. கணவன் உயிரோடு, ஒரே கூரையின் கீழ், மூன்றாவதும் பெண் என்பதால் முகம் திருப்பிக்கொண்டு இருக்கும் வீட்டுப் பெண்ணை அந்த வரிசை பெயர் சொல்லி அழைக்கவில்லை. வருமானச் சான்று, வீட்டு விசாரணை, குழுவின் ஒப்புதல் எல்லாம் முடிந்து பணம் வருவது வேறு காலக்கணக்கு. முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியும் அப்படியே; 2006இல் 6,000 ரூபாயாகி, பின்னர் 12,000, 18,000 என்று உயர்ந்தது, தவணை தவணையாக, இரண்டு பிரசவத்துக்கு மட்டும்.

தொட்டிலுக்கு மட்டும் சான்றிதழ் வேண்டாம், வருமான வரம்பு இல்லை, எத்தனையாவது பிரசவம் என்று கேள்வி இல்லை. இரவு இரண்டு மணிக்கும் அது திறந்திருக்கும்.