திருவிதாங்கூர்க் குடிக்கணக்குகளும் காணிக்காரர் முன்னோரும்

முன்னுரை

அகத்தியர் மலையின் இருபுறத்தும் வாழ்ந்துவரும் பழங்குடியினர் காணிக்காரர் ஆவர். இவர்தம் முன்னோரைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குடிக்கணக்குகளின் வழி எந்த அளவிற்கு அறியலாகும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. வன உரிமைச் சட்டத்தின் (2006) 2008ஆம் ஆண்டு விதிகள் குடிக்கணக்கையும், பழைய ஆவணங்களில் குறிக்கப்பட்டோர் வரை செல்லும் வமிசாவளியையும் சான்றுகளுள் சேர்த்துள்ளன. எனவே இவ்வினா ஏட்டளவில் நில்லாது நிலவுரிமையோடும் தொடர்புடையதாகிறது.

குடிக்கணக்கின் இயல்பு

திருவிதாங்கூரில் 1836, 1854ஆம் ஆண்டுகளிலும் மக்கள் எண்ணப்பட்டனர். எனினும் முறையான கணக்கெடுப்பு 1875இல் நிகழ்ந்தது. நாகமய்யா அதன் அறிக்கையை எழுதினார். சமஸ்தானத்தின் மக்கள்தொகை அப்போது 23,11,379, 1881இல் 24,01,158, 1891இல் 25,57,736. இவ்வறிக்கைகள் மக்களைச் சாதி, சமயம், வட்டம் எனப் பகுத்துத் தொகையாகவே தருகின்றன. காணிக்காரர் ஓர் இனப்பெயராகவும் ஓர் எண்ணாகவும் இடம்பெறுகின்றனரேயன்றித் தனி மனிதராக இடம்பெறவில்லை. அமெரிக்க அரசு 1885 முதல் 1940 வரை பழங்குடியினருக்கெனத் தொகுத்த பட்டியல்களில் ஆட்பெயரும் உறவுமுறையும் உண்டு. அத்தகைய வாய்ப்பு இங்கில்லை. மேலும், காடு திருத்திப் பயிர்செய்து இடம்பெயர்ந்த மக்களை எண்ணுதல் எளிதன்று. ஆதலின் எண்ணின் ஏற்றத்தாழ்வை மக்கள்தொகையின் ஏற்றத்தாழ்வாகவே கொள்ளுதல் பொருந்தாது.

எல்லைகளும் ஆவணங்களும்

மலையின் கீழைப்புறமாகிய பாபநாசம் பகுதி சென்னை மாகாணத்தின் திருநெல்வேலி மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. அப்பகுதிக்கு 1871 முதலான மாகாணக் கணக்குகளை நாடவேண்டும். திருவிதாங்கூரைச் சார்ந்திருந்த விளவங்கோடு, கல்குளம் வட்டங்கள் 1956இல் தமிழ்நாட்டோடு இணைந்தன. ஆகவே இன்று தமிழ்நாட்டில் வாழும் குடும்பங்கள் சிலவற்றின் பழைய குறிப்புகளைத் திருவிதாங்கூர் ஆவணங்களில்தான் தேடவேண்டியுள்ளது.

பெயரும் வழக்காறும்

குடிக்கணக்கு தராத செய்தியை இனப்பெயர் தருகிறது. 'காணி' என்பது தமிழ்க் கல்வெட்டுகளில் வழிவழியாக வரும் நிலவுரிமையைக் குறிக்கும் சொல்லாகும். தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதியும் காணிக்காரன் என்பதற்குப் பரம்பரை நிலவுரிமையாளன் என்றே பொருள் தருகிறது. ஸ்ரீரங்கன், வீரப்பன் என்னும் மலையரசர் இருவரின் வழித்தோன்றல்கள் பாண்டிய நாட்டிலிருந்து வந்தனர் என்னும் மரபும் அதில் பதிவாகியுள்ளது. இதனை வரலாற்று நிகழ்வாகவே கொள்ள இயலாதெனினும், முன்னோர் பெயர்கள் வாய்மொழியிலேயே எஞ்சின என்பது தெளிவு. முட்டில்லம், மேனில்லம் முதலிய இல்லப் பெயர்களும், அவற்றை 'அண்ணன்தம்பி', 'மச்சம்பி' எனப் பகுக்கும் முறையும் மணவுறவைக் காட்டுவன. குடும்பத் தொடர்ச்சியைக் காண்பதற்கு இவை உறுதுணையாகும். ஊரின் தலைவர் மூட்டுக்காணி எனப்படுகிறார். அவர் போன்ற முதியோரின் நினைவும் இவ்வகையில் இன்றியமையாதது.

முடிவுரை

குடிக்கணக்குகள் ஓரினம் ஒரு பகுதியில் வாழ்ந்தமைக்குச் சான்றாகுமேயன்றி ஒருவரின் பாட்டனாரை அடையாளம் காட்டா. ஒருவருடைய முன்னோரின் பெயர் அவற்றில் இல்லை என்பதைக் கொண்டு அவர் அங்கு வாழவில்லை என முடிவுசெய்தல் தவறாகும். முதியோர் வாக்குமூலத்தையும் ஈமக்காடு முதலிய அடையாளங்களையும் அவ்விதிகளே சான்றாக ஏற்கின்றன. எனவே இல்லப் பெயர்களையும் குடியிருப்புப் பெயர்களையும் முதியோரிடம் கேட்டுத் தொகுத்து, குடிக்கணக்கோடு ஒப்பிடும் பணியைத் தமிழாய்வாளர்கள் காலந்தாழ்த்தாது மேற்கொள்ளுதல் வேண்டும்.