செறிவான உப்புக் கரைசலும் வெள்ளையணுக்களும்

இரத்தத்தில் உள்ளதைவிடக் கூடுதலாக உப்பு கரைந்துள்ள நீரை மருத்துவத்தில் செறிவான உப்புக் கரைசல் என்பர். 100 மில்லிலிட்டரில் 0.9 கிராம் சாதாரண உப்பு இருந்தால் அது இரத்தத்துக்கு ஏறத்தாழ ஈடானது. கடலூர், சிதம்பரம் மருத்துவமனைகளில் கட்டிலருகே தொங்கும் சலைன் பாட்டில் பெரும்பாலும் இந்த அளவில் உள்ளதே. கடல்நீரில் உப்பு சுமார் 3.5 விழுக்காடு. இக்கட்டுரையில் வரும் கரைசல்களில் சில கடல்நீரையும் மிஞ்சியவை.

உப்பு மிகுந்த பக்கம் நீரை இழுக்கும். பள்ளிப் பாடத்தில் இதற்குச் சவ்வூடு பரவல் என்று பெயர். உப்பில் ஊறிய மாவடு சுருங்குவதும், கடலூர், பரங்கிப்பேட்டைக் கரையோரங்களில் உப்பிட்ட மீன் நீர் விட்டுக் கருவாடாவதும் இதனால்தான். சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்தில் சதுப்புநிலத் தாவரங்கள் இந்த இழுப்பை எதிர்த்தே வாழ்கின்றன. அவற்றுள் வெண்கண்டல் தன் இலைகளின் வழியே உப்பை வெளியேற்றிவிடுகிறது. மனித உடலின் வெள்ளையணுவுக்கு அந்த வசதி இல்லை. உப்பு மிகுந்த நீரில் அது முதலில் சுருங்கும். சுருங்கியபின் அதன் போர்க்குணம் கூடுமா, குறையுமா என்பதுதான் நூறாண்டுகளுக்கும் மேலாகத் தொடரும் கேள்வி.

வெள்ளையணுக்களின் பணியை முதலில் தெளிவாகக் காட்டியவர் ரஷ்ய அறிஞர் மெச்னிக்கோவ். 1882-இல் இத்தாலியின் மெசினா நகரில், விண்மீன் உயிரியின் இளவுயிரிக்குள் முள்ளைச் செருகி, அதைச் சுற்றி நகரும் அணுக்கள் குழுமுவதைக் கண்டார். காயம்பட்ட இடம் சிவந்து, வீங்கி, சுடும் அழற்சிக்கு அடிப்படை இந்தக் குழுமல்தான். அதே காலத்தில் நெதர்லாந்தின் ஹாம்பர்கர், பல அளவு உப்பு நீரில் இரத்த அணுக்களை இட்டு ஆராய்ந்தார். 0.9 என்ற அளவு அவருடைய ஆய்வுகளோடு சேர்த்தே பேசப்படுகிறது.

செறிவான உப்புக் கரைசல் பெருமளவில் உயிர் காத்தது இந்தியாவில்தான். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய லியோனார்ட் ரோஜர்ஸ், 1908-ஐ ஒட்டிய ஆண்டுகளில் காலரா நோயாளிகளுக்கு சுமார் 1.4 விழுக்காடு உப்புக் கரைசலை நரம்பு வழியே ஏற்றினார். நோயாளிகளில் சுமார் 60 விழுக்காட்டினர் இறந்துகொண்டிருந்த நிலை மாறி, அது 30 விழுக்காட்டை ஒட்டிக் குறைந்தது. ஆனால் ரோஜர்ஸ் வெள்ளையணுக்களை எண்ணி இதைச் செய்யவில்லை. வயிற்றுப்போக்கால் வற்றிய இரத்தத்தில் நீரைத் தக்கவைப்பதே அவர் நோக்கம்.

வெள்ளையணுவையும் உப்பையும் சேர்த்து யோசித்தவர் ஆல்ம்ரோத் ரைட். இந்தியாவில் பிளேக் நோயை ஆராய வந்த ஆணையத்தில் உறுப்பினராக இருந்தவர். படைவீரர்களுக்கு டைபாய்டு தடுப்பூசி போட முனைந்தவர். முதல் உலகப் போரின்போது பிரான்சின் பொலோன் நகரில் ஆய்வகம் அமைத்தார். பின்னாளில் பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங் அங்கே அவருடைய உதவியாளர். சேறு படிந்த ஆழமான குண்டுக் காயங்களில் ஊற்றப்பட்ட கிருமிநாசினிகள், உள் மடிப்புகளில் ஒளிந்த கிருமிகளை விட்டுவிட்டு, அவற்றோடு போராடும் வெள்ளையணுக்களையே கொன்றன என்று இருவரும் காட்டினர். பிளெமிங் இதற்காகக் கண்ணாடிக் குழாயை உருக்கி, கிளைகள் நீட்டிய செயற்கைக் காயம் ஒன்றைச் செய்து பார்த்தார்.

ரைட் சொன்ன மாற்று, 5 விழுக்காடு உப்பு நீர். அது திசுக்களிலிருந்து நிணநீரை இழுத்துக் காயத்தை உள்ளிருந்தே கழுவும். பிறகு 0.9 விழுக்காட்டுக்கு மாறினால் வெள்ளையணுக்கள் வந்து சேரும். கடுமையான உப்பு வெள்ளையணுவுக்கு உகந்ததல்ல என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது. அதனால்தான் இரண்டு கட்டம். மருத்துவர்கள் பலர் அவரோடு மல்லுக்கு நின்றனர். களத்தில் கேரல்-டேக்கின் கிருமிநாசினி முறைக்கும் செல்வாக்கு இருந்தது. இருந்தாலும், எப்போது எந்த அளவு என்று அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி.

1980-இல் பிரேசிலில் வெலாஸ்கோ குழுவினர், பெருமளவு இரத்தம் இழந்த நாய்களுக்கு 7.5 விழுக்காடு கரைசலைச் சிறிதளவே செலுத்தி உயிர் பிழைக்க வைத்தனர். விபத்தில் அடிபட்டவருக்கு ஆம்புலன்சிலேயே கொடுக்கலாமே என்ற ஆசை பிறந்தது. 1990-களில் அமெரிக்காவின் சான் டியாகோவில் ஹாய்ட், யுங்கர் ஆகியோரின் குழு இன்னொன்றைக் கண்டது. பெரும் காயத்துக்குப் பின் நியூட்ரோபில் எனும் வெள்ளையணுக்கள் வெறிகொண்டு நுரையீரலைத் தாக்குவதுண்டு. செறிவான உப்பு அவற்றை அடக்கியது. அதேவேளை டி செல்கள் சுறுசுறுப்படைந்தன. இரத்தமும் ஏறும், அழற்சியும் தணியும் என்றால் வேறென்ன வேண்டும்?

ஆனால் 1995-இல் ஷாபிரோ, டினரெல்லோ இருவரும், கூடுதல் உப்பில் வளர்த்த மனித வெள்ளையணுக்கள் அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-8 என்ற பொருளைச் சுரப்பதைக் காட்டியிருந்தனர். யுங்கரின் குழுவே பின்னர் முடிச்சின் ஒரு பகுதியை அவிழ்த்தது. உப்பால் சுருங்கும் நியூட்ரோபில் ஏடிபி என்ற பொருளை வெளியே விடுகிறது. அது அடினோசினாக மாறி அதே அணுவின் ஏற்பிகளில் ஒட்டுகிறது. அமைதியாக இருக்கும் அணுவில் ஏ2ஏ என்ற ஏற்பி அதை அடக்கும். ஏற்கெனவே கிளர்ச்சியுற்ற அணுவிலோ ஏ3 ஏற்பி மேற்பரப்புக்கு வந்துவிட்டிருக்கும். அப்போது அதே உப்பு எரியும் நெருப்பில் எண்ணெய்தான். அடிபட்டவரிடம் ஆம்புலன்ஸ் போய்ச் சேருவதற்குள் அணுக்கள் எந்த நிலையில் இருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்?

மனிதரிடம் நடந்த பெரிய சோதனை ஏமாற்றமே தந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 7.5 விழுக்காடு கரைசல் ஆம்புலன்சிலேயே கொடுக்கப்பட்டது. இரத்த இழப்பு அதிர்ச்சியில் இருந்த 853 பேரிலும், தலையில் கடுமையாக அடிபட்ட 1,282 பேரிலும் சாதாரண சலைனைவிட நன்மை தெரியவில்லை. இரண்டு சோதனைகளும் முன்கூட்டியே நிறுத்தப்பட்டன. முடிவுகள் 2010, 2011-இல் வெளியாயின.

ஆய்வு பிறகு உணவு உப்பின் பக்கம் திரும்பியது. 2013-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த இரு கட்டுரைகள், கூடுதல் உப்பு டிஎச்17 என்ற அழற்சி அணுக்களைப் பெருக்குவதாகக் கூறின. எலிகளில் அது நரம்பு மண்டல நோயைக் கடுமையாக்கியது. 2015-இல் ஜெர்மன் ஆய்வாளர்கள், தோலில் சேரும் உப்பு மேக்ரோபேஜ் அணுக்களுக்கு வலுவூட்டி, லீஷ்மேனியா கிருமியைக் கொல்ல உதவுவதாகக் கண்டனர். (இதை நம்பிச் சோற்றில் உப்பைக் கூட்டுபவருக்கு இரத்த அழுத்தம் காத்திருக்கிறது.)

தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 3 விழுக்காடு கரைசல் இன்றும் பயன்படுகிறது. மூளை வீக்கத்தில் தேங்கிய நீரை இழுக்கவும், இரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்குக் குறைந்தவர்களுக்கும் அதை ஏற்றுகின்றனர். அங்கே அது வெள்ளையணுவை அடக்கும் மருந்தல்ல. மாவடுவைச் சுருக்கும் அதே இழுப்புவிசைதான் வேலை செய்கிறது.